அஞ்சு மணிக்கு விழுகிற அலங்காரம்: எதைப் பார்ப்பது, எப்போது ஆளைக் கூப்பிடுவது

"அக்கா, பின்னாடி கட்டினது மொத்தமா உழுந்துடுச்சுக்கா. ஆறு மணிக்கு கேக் வெட்டணும்."

இந்த போன் எனக்குக் காலையில் வராது. எப்போதும் சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வரும். பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு பிறந்தநாள், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, தெரு விழா என்று எல்லாவற்றுக்கும் கையால் அலங்காரம் செய்து கொடுக்கிறேன். காகிதம், அட்டை, துணி, ஓலை, பலூன் இவ்வளவுதான் என் சரக்கு. திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகளை எண்ணிப் பார்த்தால் பத்தைத் தாண்டாது. போன் செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்குள் கடைக்குப் போய் இன்னொரு ரோல் டேப் வாங்கி வந்திருப்பார்கள். எனக்குத் தெரிந்து பசை குற்றவாளியாக மாட்டியது ரொம்பக் குறைவு. சுவரும் கடல் காற்றும்தான் அடிக்கடி மாட்டும்.

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாததை முதலில் எழுதியிருக்கிறேன். கரண்ட் சம்பந்தப்பட்ட கோளாறு என்றால் மட்டும் எதையும் தொடாமல் சீரியல் லைட் பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.

சுவரில் ஒட்டியது விழுகிறது

கீழே கிடக்கிற டேப்பை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். பாதிப் பதில் அங்கேயே இருக்கும்.

*டேப்பில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறது*

டேப் நன்றாகத்தான் பிடித்தது, சுவர்தான் உதிர்ந்துவிட்டது. சுண்ணாம்பு அடித்த சுவரும் பழைய டிஸ்டெம்பர் சுவரும் இப்படித்தான். உள்ளங்கையை வைத்து ஒரு தேய் தேயுங்கள். கை வெளுத்தால், எவ்வளவு விலை உயர்ந்த டேப்பானாலும் அந்தச் சுவரில் நிற்காது.

கனமில்லாத காகிதப் பூ மட்டும்தான் என்றால், ஒட்டப்போகும் இடத்தை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டலாம். அதற்கு மேல் எடை இருந்தால் ஒட்டும் யோசனையையே விட்டுவிடுங்கள். சாமி படத்து ஆணி, காலண்டர் ஆணி, ஜன்னல் கம்பி என்று வீட்டில் ஏற்கெனவே எத்தனையோ பிடி இருக்கிறது. இரண்டு ஆணிக்கு நடுவே நைலான் கயிறு கட்டி எல்லாவற்றையும் அதில் தொங்கவிடுங்கள். ஆணியே இல்லாத வாடகை வீடு என்றால் சாமியானா கடையில் இரும்பு ஸ்டாண்ட் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும்.

*சுவரில் உப்புப் பூத்திருக்கிறது, தொட்டால் சில்லென்று இருக்கிறது*

இது ஓதம். நம் பக்கம் தரைத்தள வீடுகளில், மழைக்காலம் முடிந்து பொங்கல் வரைக்கும்கூட இருக்கும். சந்தேகமாக இருந்தால் முதல் நாள் ராத்திரி ஒரு கையகல பிளாஸ்டிக் கவரை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். காலையில் கவருக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் ஓதம் உறுதி. டேப்பே பிடிக்காமல் கவர் கீழே கிடந்தாலும் அதே பதில்தான்.

ஓதம் பெரும்பாலும் தரையிலிருந்து ஏறுவது. இடுப்பு உயரத்துக்கு மேல் காய்ந்திருந்தால் அங்கே ஒட்டலாம், கீழே வரவேண்டியதை மேலிருந்து தொங்கவிடலாம். சுவர் முழுக்க நனைந்திருந்தால் ஸ்டாண்ட்தான். சுவரைச் சரிசெய்வது கொத்தனார் வேலை, விசேஷத்துக்கு முந்தின நாள் நடக்கிற காரியமில்லை.

*டேப் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் உரிந்து வருகிறது*

பெயின்ட் அடித்த சுவரிலும் டைல்ஸிலும் இது நடக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அடுப்படியை ஒட்டிய சுவர், அப்புறம் சோபாவுக்குப் பின்னால் தாத்தா தலை சாய்த்துச் சாய்த்து வட்டமாகக் கறுத்துப்போன இடம். சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவைத்து ஒட்டுங்கள்.

துடைத்தும் வருகிறதா? ஒட்டியதும் கட்டைவிரலால் அரை நிமிஷம் அழுத்தினீர்களா, உடனே எடையைத் தொங்கவிட்டீர்களா என்று யோசியுங்கள். டபுள் சைட் டேப் ஒட்டினால் ஒரு மணி நேரம் சும்மா விட்டு அப்புறம்தான் எதையும் மாட்டுவேன். டேப்பும் பழசாக இருக்கலாம். பீரோ மேல் ஒரு கோடை முழுக்கக் கிடந்த ரோலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கடைசியாக ஃபோம் டேப். அது பிடிக்கும். எடுக்கும்போது பெயின்ட்டையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும், வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழித்துக்கொள்வார்.

*டேப் சுவரில் இருக்கிறது, காகிதம் மட்டும் கீழே*

கிரேப் பேப்பருக்குத் தன் எடையைத் தாங்கும் தெம்பு கிடையாது. மடிப்புக்குள் நூல் விட்டுக் கட்டுங்கள், அல்லது ஒரு ரிப்பனில் ஸ்டேப்லர் அடித்து ரிப்பனை ஒட்டுங்கள்.

தோரணம் தொய்கிறது, சாயம் இறங்குகிறது

*காலையில் விறைப்பு, சாயங்காலம் தொங்கல்*

மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று உள்ளே வரும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் அது நேராகத் தோரணத்தில்தான் வந்து விழும். காகிதம் ஈரத்தைக் குடித்துத் தளரும், நூலும் அதோடு இறங்கும். பதினைந்து அடிக்கு இரண்டே முனையில் கட்டியிருந்தால் நடுவில் தொய்யத்தான் செய்யும். ஐந்தாறு அடிக்கு ஒரு பிடி கொடுங்கள். பஞ்சு நூலுக்குப் பதில் நைலான் போடுங்கள். அதற்கும் தொய்ந்தால் காகிதத்தை விட்டுத் துணிக்கு வாருங்கள். எம்.சி. ரோடு பக்கம் தையல்காரர்களிடம் வெட்டுத் துணி மூட்டையாகக் கிடைக்கும். முக்கோணமாக வெட்டி ஒரு நாடாவில் தைத்தால் அஞ்சு வருஷம் உழைக்கிற தோரணம் ஆகிவிடும்.

பிளாஸ்டிக் கொடித் தோரணம் வாங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கொடிக்குத் தடை இருக்கிறது. கடையில் தொங்குகிறதே என்பது காரணமாகாது.

*சாயம் சுவரிலோ துணியிலோ இறங்கிவிட்டது*

இதில் நானே மாட்டியிருக்கிறேன். ஒரு ஆடி மாசம், எங்கள் தெருவில் கூழ் வார்த்தல். பந்தலுக்குள் சிவப்பும் மஞ்சளுமாகக் கிரேப் பேப்பர் முறுக்கிக் கட்டியிருந்தேன், பார்க்க அவ்வளவு அழகு. கூழ் அண்டாவை எங்கே வைப்பார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. சரியாக என் தோரணத்துக்குக் கீழேயே அடுப்பு மூட்டினார்கள். அரை மணி நேரம் ஆவி அடித்ததும் காகிதம் ஊறி, நுனியில் சிவப்பாக ஒரு சொட்டு திரண்டு நின்றது. கிளறிக்கொண்டிருந்த பெரியம்மா மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அண்டாவைத் தட்டுப் போட்டு மூடினார். அன்று மேஜை மேல் ஏறி அத்தனையையும் நானே பிய்த்தேன்.

கிரேப் பேப்பர் சாயம் தண்ணீர் பட்டால் ஓடும். எல்லாக் கலரும் ஓடும், சிவப்பும் ஊதாவும் மோசம். வாங்கி வந்ததும் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். கறை பட்டால் அது அண்டா, குழாயடி, தண்ணீர் ஊற்றும் மணை எதற்கும் மேலே போகக் கூடாது. மஞ்சள் நீராட்டில் பெண் உட்காரும் இடத்துக்கு மேலே காகிதமே வேண்டாம், பூச்சரமோ துணியோ போடுங்கள். பட்டுப்புடவையில் கறை இறங்கிவிட்டால் வீட்டில் தேய்க்காதீர்கள், அப்படியே டிரை கிளீனிங் கடைக்குக் கொண்டுபோங்கள். டைல்ஸில் இறங்கியது சோப்புக்குப் போய்விடும். சுண்ணாம்புச் சுவரில் இறங்கியது அடுத்த வெள்ளையடிப்புக்குத்தான் போகும்.

*வெயிலில் கலர் வெளுக்கிறது*

ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளுக்கு வியாசர்பாடி, புளியந்தோப்புத் தெருக்களில் நீலத் தோரணம் கட்டுகிறவர்களுக்கு இது தெரியும். சித்திரை வெயிலில் காகித நீலம் இரண்டு நாளில் சாம்பலாகிவிடும். முன்கூட்டியே கட்டாமல் பதின்மூன்றாம் தேதி ராத்திரி கட்டுவதுதான் செலவில்லாத வழி. ஒரு வாரம் நிற்க வேண்டும் என்றால் துணி.

குருத்தோலை கறுக்கிறது, சுருள்கிறது

வெட்டிய குருத்தைக் காற்றில் போட்டுவைத்தால் விளிம்பிலிருந்து பழுப்பேறும். பின்னும்வரை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். பின்னி முடித்ததையும் கட்டும்வரை அதே சாக்குக்குள்ளேயே வையுங்கள். முந்தின நாள் சாயங்காலம் பின்னி, விடியற்காலையில் கட்டினால் ராத்திரி விருந்துவரை மஞ்சளாக நிற்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மேடை அளவுக்குக் கிளி, பூப்பந்து எல்லாம் கேட்கிறார்கள் என்றால் ஓலை பின்னுகிறவரையே கூப்பிட்டுவிடுங்கள். படத்தைப் பார்த்து ஒரே ராத்திரியில் கற்றுக்கொள்கிற வேலை இல்லை அது.

பலூன் வெடிக்கிறது, சுருங்குகிறது

*ஊதும்போதே வெடிக்கிறது*

ஒன்றிரண்டு போனால் விடுங்கள், பாக்கெட்டுக்கு நாலைந்து அப்படித்தான். வரிசையாக வெடித்தால் அளவு தப்பு. பத்து அங்குல பலூனைப் பத்து அங்குலத்துக்கும் ஊதுகிறார்கள். ஒரு அட்டையில் எட்டரை அங்குல வட்டம் வெட்டிக்கொண்டு, ஊதிய பலூன் அதில் நுழைகிறதா என்று பார்த்து முடிச்சுப் போடுங்கள். பேரிக்காய் மாதிரி கழுத்து நீண்டிருந்தால் காற்று அதிகம், கொஞ்சம் விடுங்கள். ஒரே அளவில் இருந்தால் வளைவும் அழகாக வரும்.

அப்புறம் கையைக் கழுவுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு பலூனைப் பிடித்தால் ரப்பர் கெடும்.

*கட்டி முடித்தபின் ஒவ்வொன்றாக வெடிக்கிறது*

சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கவனியுங்கள். சுவரோரம் என்றால் சொரசொரப்பான சிமென்ட் பூச்சு, பின்னால் ஒரு துணியைத் தொங்கவிடுங்கள். மேல்பக்கம் என்றால் ஃபேன் அல்லது சூடான பல்ப். சாமி மாடத்துப் பக்கம் என்றால் ஊதுவத்தி. மொட்டைமாடியில் எல்லாப் பக்கமும் என்றால் வெயில். கறுப்பு, கருநீல பலூன்கள்தான் முதலில் போகும், அவைதான் சூட்டை அதிகம் இழுக்கும். மாடி விசேஷத்துக்கு அடர்ந்த கலர் தீம் கேட்டால் நான் அதைத் துணியில் கொடுத்துவிட்டு பலூனை வெள்ளையாக வைப்பேன். நாலரை மணிக்கு முன்னால் மாடிக்குப் பலூனை ஏற்றவே மாட்டேன்.

பளபளப்புப் போய் மாவு பூசினது போல் மங்கினால் வெடிக்கவில்லை என்றாலும் அது வெயிலின் வேலைதான். திரும்பப் பளபளப்பு வராது.

*ஏசி ஹாலில் ஃபாயில் பலூன் துவண்டுவிட்டது*

ஓட்டை என்று நினைத்து இன்னும் ஊதாதீர்கள். குளிரில் உள்ளே இருப்பது சுருங்கியிருக்கிறது. வெளியே கொண்டுவந்து கால் மணி நேரம் வையுங்கள், விறைத்தால் பலூன் நல்ல பலூன். ஏசியில் முழுக்க ஊதியதை வெளியே கொண்டுவந்தால்தான் தையல் பிரியும்.

*கேஸ் பலூன் கீழே இறங்குகிறது*

சாதாரண ரப்பர் பலூனில் ஹீலியம் அரை நாள், மிஞ்சிப்போனால் ஒரு நாள் தாங்கும். காலையில் நிரப்பினால் ராத்திரி இறங்கத்தான் செய்யும். கடைக்காரரிடம் சாயங்காலம் கொண்டுவரச் சொல்லுங்கள், அதற்குக் கூடுதல் செலவு இல்லை.

இதைவிடப் பெரிய சங்கதி, உள்ளே இருப்பது ஹீலியம்தானா என்பது. ரொம்ப மலிவாகச் சொன்னால், அல்லது சிலிண்டருக்குள் ரசாயனம் போட்டு அங்கேயே வாயு தயாரித்துத் தருகிறார் என்றால், அது ஹைட்ரஜன். தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கேக்கில் மெழுகுவத்தி, பக்கத்தில் பலூன் கொத்து, சுற்றி குழந்தைகள். யோசிக்கவே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். ஹீலியத்தையும் நீங்களே நிரப்பாதீர்கள், சிலிண்டரைக் கையாளத் தெரிந்தவர் வந்து நிரப்பட்டும். ஃபாயில் பலூனில் உலோகப் பூச்சு இருக்கிறது. தெருவில் மின்கம்பிக்குக் கீழே அதை நூல் கட்டி விடக் கூடாது.

வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். தவழ்கிற குழந்தை வாயில் போட்டால் தொண்டையை அடைத்துவிடும்.

பெயர் அட்டை வளைகிறது, எழுத்து விழுகிறது

*ஒட்டும்போது நேர், காய்ந்ததும் வில்*

அட்டையின் ஒரு பக்கம் மட்டும் ஃபெவிகால் தடவி கலர் பேப்பர் ஒட்டியிருப்பீர்கள். காயும்போது அந்தப் பக்கம் இழுக்கும். பின்பக்கமும் ஏதாவது காகிதம், பழைய நியூஸ் பேப்பரே போதும், ஒட்டிவிட்டால் இரண்டு இழுப்பும் சமமாகும். பசையைத் தண்ணீர் விட்டுக் கரைத்து ஊற்றாமல் பிரஷ்ஷில் மெல்லியதாக இழுங்கள். ராத்திரி முழுக்க அரிசி மூட்டைக்கு அடியில் வையுங்கள். ஏற்கெனவே வளைந்துவிட்டதா? பின்பக்கம் நீளவாட்டில் இரண்டு மூங்கில் குச்சி ஒட்டுங்கள்.

மைதா பசை காய்ச்சுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அப்புறம்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். நேராகக் கொதிநீரில் போட்டால் கட்டி கட்டியாக வந்து, ஒட்டிய காகிதத்தில் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். இரண்டாம் நாள் புளிக்கும், கரப்பான் வரும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், குழந்தைகள் ஒட்டி விளையாடும் வீட்டில் வேண்டாம். அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

*புள்ளி விழுந்துவிட்டது*

இங்கிலீஷ் எழுத்து ஒட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம்தான். தமிழில் வெட்டி ஒட்டினால் புள்ளி தனித்துண்டு, பத்து ரூபாய் நாணயம் அளவு. அதுதான் முதலில் விழும். ஒரு வளைகாப்பில் 'ப்' எழுத்தின் புள்ளி பாயாசத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. போட்டோ முழுக்க 'வளைகாபபு' என்றே இருக்கிறது.

எழுத்தை வெட்டும்போதே புள்ளிக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி அகலத்துக்குப் பாலம் விட்டு ஒரே துண்டாக வெட்டுங்கள். தூரத்திலிருந்து பாலம் தெரியாது. அல்லது முழுச் சொல்லையும் ஒரு நீளப் பட்டையில் ஒட்டி, பட்டையைச் சுவரில் மாட்டுங்கள். வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டையில் நான் 'வாழ்த்துகள்' கட்சி. இலக்கணத்துக்காக இல்லை, ஒரு புள்ளி மிச்சம்.

கத்தரிக்கோலை எடுக்கும் முன்பு பெயரைப் பெற்றோரிடமே எழுதி வாங்குங்கள், போனில் கேட்டு வெட்டாதீர்கள். ஷ-வா ச-வா, ஸ்ரீ-யா சிறீ-யா என்று சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தெரிந்து பயனில்லை.

தெர்மாகோல் உருகுகிறது

ஸ்பிரே பெயின்ட் அடித்தால் பள்ளம் விழும். மஞ்சளாக வரும் ரப்பர் பசை தடவினால் கரையும். சூடான குளூ கன் வைத்தால் ஓட்டை விழும். மூன்றுக்கும் பதில் தெரியும், வாட்டர் கலரும் வெள்ளைப் பசையும். ஆனால் அதைச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க அலங்காரத் தெர்மாகோலுக்குத் தடை. பலூன் கட்டும் பிளாஸ்டிக் குச்சிக்கும் அதே நாளில் தடை வந்தது.

பதிலுக்கு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வரும் பெட்டி அட்டை போதும். காசிமேட்டில் ஒரு பையன் பிறந்தநாளுக்கு விசைப்படகு கேட்டார்கள். இரண்டு ஃபிரிட்ஜ் பெட்டியில் ஆறடிப் படகு நின்றது. அட்டைக்குள் ஓடும் வரிகள் செங்குத்தாக நிற்கும்படி வெட்ட வேண்டும், படுக்கையாக வெட்டினால் நடுவில் மடிந்து உட்கார்ந்துவிடும். கலர் காகிதமும் சார்ட்டும் மொத்தமாக வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு, துணி என்றால் கோடவுன் தெரு.

சீரியல் லைட் எரியவில்லை

*மொத்தமும் எரியவில்லை*

வேறு பிளக் பாயின்ட்டில் போட்டுப் பாருங்கள். எரியவில்லையென்றால் வயரில் இருக்கும் சின்னப் பெட்டியின் பட்டனை ஏழெட்டுத் தடவை அழுத்துங்கள், சில சமயம் அணைந்து அணைந்து எரியும் முறையில் நின்றுவிட்டிருக்கும். அப்புறம் பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்டியிலிருந்து வயர் வெளியே வரும் இடத்தைப் பாருங்கள், வருஷா வருஷம் மடித்து மடித்து அங்கேதான் அறுபடும். பரணில் இருந்த செட் என்றால் எலி கடித்ததா என்று முழு நீளமும் கையில் ஓட்டிப் பாருங்கள். இதில் எது இருந்தாலும் செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு புதிது வாங்குங்கள். டேப் சுற்றிப் பிழைக்கவைக்கும் வேலை வேண்டாம்.

*ஒரு பகுதி மட்டும் எரியவில்லை*

ஒரு எல்.இ.டி. போனால் அதோடு வரிசையாக இருப்பதெல்லாம் போகும். வீட்டில் பிரித்து ஒட்டுவது வீண். எரியாத பகுதியைத் துணிக்குப் பின்னால் மறைத்துக் கட்டினால் அன்றைய பொழுது போய்விடும்.

*எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சுடுகிறது*

ஒரே பாக்ஸில் சீரியல், ஸ்பீக்கர், டேபிள் ஃபேன், காபி கெட்டில் எல்லாம் போட்டிருப்பார்கள். கெட்டிலை முதலில் கழற்றுங்கள். கருகும் வாடை வந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

*கேட்டிலோ ஸ்டாண்டிலோ சுரீரென்கிறது*

இங்கே முதலில் இது, அப்புறம் அது என்ற வரிசையெல்லாம் கிடையாது. மெயினை அணையுங்கள், குழந்தைகளை விலக்குங்கள், எலக்ட்ரீஷியன் வரும்வரை தொடாதீர்கள். 230 வோல்ட். இரும்பு கேட்டில் கட்டுக்கம்பியால் சீரியல் வயரை இறுக்கிக் கட்டி, அது வயரின் மேலுறையை அறுத்துவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த காரணம். சணல் கயிற்றாலோ நாடாவாலோ கட்டுங்கள். கரண்ட் கசிந்தால் தானே லைனை நிறுத்தும் ஈ.எல்.சி.பி. சுவிட்ச் திரும்பத் திரும்ப விழுந்தால் அது சொல்வதை நம்புங்கள், அதைத் தாண்டி நேராக லைன் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

தெரு விழாவுக்குக் கொக்கி போட்டுக் கரண்ட் எடுப்பது 2003 மின்சாரச் சட்டப்படி திருட்டு, உயிருக்கும் ஆபத்து. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கம்பி அறுந்து தொங்கினாலோ தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸில் பொறி பறந்தாலோ மின்வாரியத்தின் புகார் எண் மின்னகம் 94987 94987.

*டிசம்பர் ஸ்டார் கருகுகிறது*

ராயபுரம் பக்கம் இன்னும் மூங்கில் தப்பையில் காத்தாடிப் பேப்பர் ஒட்டி ஸ்டார் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே பழைய குண்டு பல்ப் போட்டால் காகிதம் பழுப்பேறும், காற்றில் பல்ப் சாய்ந்தால் பற்றும். சின்ன எல்.இ.டி. பல்ப் போடுங்கள், ஹோல்டரை நடுவில் அசையாமல் கட்டுங்கள். மழைக்கு மேலே ஒரு கவர் போடலாம். ஹோல்டருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் அன்று ஏற்றாதீர்கள்.

ஸ்டாண்ட் சாய்கிறது, ஆர்ச் ஆடுகிறது

எட்டடிக்கு எட்டடி துணி கட்டினால் அது பாய்மரத்தில் கட்டின பாய் மாதிரி. முதலில் திசையைப் பாருங்கள். கடல் காற்று கிழக்கிலிருந்து வரும், துணியின் முகம் கிழக்கையோ மேற்கையோ பார்த்தால் அடி முழுசாக வாங்கும். முடிந்தால் முகம் வடக்கையோ தெற்கையோ பார்க்கும்படி திருப்புங்கள். அடுத்து எடை. 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று இருபது கிலோ, காலுக்கு ஒன்று வையுங்கள், மேலே துணி சுற்றினால் தெரியாது. பின்பக்கம் இரண்டு கயிற்றைச் சாய்வாக இழுத்துக் கட்டுங்கள். அதற்கும் ஆடினால் கெட்டித் துணியை இறக்கிவிட்டு நெட் துணி போடுங்கள், காற்று ஊடுருவிப் போய்விடும். அதற்கு அப்புறமும் கால் தரையை விட்டு எழும்பினால் இறக்கிவிடுங்கள். அலங்காரம் இல்லாமல் கேக் வெட்டலாம்.

ஆள் உயரத்துக்கு மேல் தெருவில் எதை நிறுத்துவதானாலும் சவுக்குக் கட்டை போட்டுக் கட்டத் தெரிந்த பந்தல்காரரைக் கூப்பிடுங்கள். மேலே மின்கம்பி போகிற தெருவில் அலுமினிய ஏணியோடு நீங்கள் ஏற வேண்டாம். சாலையில் ஆர்ச் என்றால் மாநகராட்சி, போலீஸ் இரண்டு அனுமதியும் வேண்டும். உங்கள் தெரு மாநகராட்சியின் எந்த மண்டலம் என்று தெரியாவிட்டால் 1913-க்குக் கேளுங்கள்.

நேரில் நன்றாக இருக்கிறது, போட்டோவில் இல்லை

ஃபாயில் திரை வெள்ளையாக எரிந்தால் ஃப்ளாஷை அணையுங்கள், லைட்டை நேரே வைக்காமல் இரண்டு பக்கமும் சாய்த்து வையுங்கள். பெயர் இடம் வலம் மாறி வந்தால் செல்ஃபி கேமராவில் கண்ணாடி மாதிரி எடுக்கும் செட்டிங் இருக்கும், பின்பக்கக் கேமராவில் எடுக்கச் சொல்லுங்கள். குழந்தையின் தலைக்குப் பின்னால் பெயர் மறைந்தால் பெயரை ஒன்றரை அடி ஏற்றுங்கள். இதையெல்லாம் விருந்தாளிகள் வருவதற்கு முன்னால், நாற்காலியில் யாரையாவது உட்காரவைத்து, எட்டடி தள்ளி நின்று ஒரே ஒரு போட்டோ எடுத்தால் தெரிந்துவிடும். நான் எங்கள் பாட்டியை உட்காரவைப்பேன். அவர் போட்டோதான் என் போனில் முந்நூறுக்கு மேல் இருக்கிறது.